குண்டு எங்கே விழும்? கடலூரில் உயிர் விட்ட என்ஜினீயர்

கடலூரில் "குண்டு சாலை" என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பீரங்கி இருக்கிறது என்பார்கள்.

1690-ம் ஆண்டு. கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் கம்பெனிக்குச் சொந்தம்?

பீரங்கியால் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! இதுதான் பேச்சு.

கம்பெனிக்காரர்கள் பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்று பெயர் வந்தது.

பீரங்கிக் குண்டு ஏன் அங்கே போய் விழுகிறது? என்ன வேகத்தில் போகிறது? அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடித்த மனிதர் பின்னாளில் அதே கோட்டைக்கு வேலை பார்க்க வந்தார். அங்கேயே இறந்தார்.

அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

கிடைக்காத வேலை

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சண்டையே கூடாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அந்த வீட்டுப் பிள்ளைதான் பீரங்கிக் கணக்கில் உலகப் புகழ் பெற்றார்!

லண்டனில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பிறகு பாலம், துறைமுகம் போன்ற வேலைகளில் இறங்கி என்ஜினீயர் ஆனார்.

1741-ல் வூல்விச் ராணுவப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு முயன்றார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ராபின்ஸ் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அந்தப் பள்ளியில் நடத்துவதற்காக எழுதி வைத்திருந்த பாடங்களை விரித்து எழுதினார். 1742-ல் அது புத்தகமாக வந்தது. ஐரோப்பா முழுவதும் அதைப் படித்தது. கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விளக்கமும் எழுதினார். நெப்போலியன் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்தபோது அதைப் படித்துக் குறிப்பு எடுத்தார்.

ஊஞ்சல் சொன்ன கணக்கு

குண்டின் வேகத்தை ராபின்ஸ் எப்படி அளந்தார்?

ஓர் ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள். பலகைக்குப் பதிலாகக் கனமான ஒரு கட்டை தொங்குகிறது. துப்பாக்கியால் அதைச் சுட்டால் குண்டு கட்டைக்குள் பாயும். கட்டை பின்னால் ஆடும். குண்டு வேகமாக வந்தால் ஆட்டம் அதிகம். மெதுவாக வந்தால் ஆட்டம் குறைவு.

கட்டையின் எடை தெரியும். குண்டின் எடையும் தெரியும். கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடாவைக் கட்டி அளந்தார். மிச்சம் கணக்குதான்.

துப்பாக்கிக் குண்டு ஒரு வினாடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்கிறது என்று தெரிந்தது. சத்தத்தின் வேகமோ வினாடிக்குச் சுமார் 1,100 அடிதான்!

இன்னொன்றும் தெரிந்தது. "காற்று குண்டை அதிகம் தடுக்காது" என்று பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். அது தவறு. வேகமாகப் போகும் குண்டைக் காற்று மிகப் பலமாகப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு குண்டின் எடையைப்போல் பல மடங்கு.

இந்தச் சோதனை இன்றும் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம்.

5 வருட ஒப்பந்தம்

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கம்பெனியின் தலைமை இடம் கடலூருக்கு மாறியது. 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டில் சிதம்பரத்துக்கு அருகே, கொள்ளிடக் கரையில் உள்ள தேவிகோட்டையைக் கம்பெனிப் படை பிடித்தது. எங்கும் சண்டை. கோட்டைகளைப் பலப்படுத்த ஓர் ஆள் தேவை.

கம்பெனி ராபின்ஸைத் தலைமை என்ஜினீயராக நியமித்தது. வருடத்துக்கு 500 பவுன். 5 வருடம் வேலை பார்த்தால் ஆயுள் முழுவதும் அந்தப் பணம் கிடைக்கும்.

நல்ல சம்பளம். ஆனால் ஊர் வெகு தூரம். 1749 கடைசியில் கப்பல் ஏறியவர் 1750 ஜூலையில்தான் கடலூர் வந்து சேர்ந்தார்.

வந்ததும் கோட்டை வேலையைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தார். மறுபடியும் வேலை, மறுபடியும் நோய். 1751 ஜூலை 29-ந் தேதி செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44.

கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக் கொண்டிருந்தபோது, கையில் பேனாவுடன் உயிர் பிரிந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 5 வருட ஒப்பந்தத்தில் முடிந்தது ஒரு வருடம்தான்.

கோட்டை போயிற்று, கணக்கு நிற்கிறது

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். இன்று கெடிலக் கரையில் இடிபாடுகள்தான் இருக்கின்றன.

ஆனால் ராபின்ஸின் கணக்கு இடியவில்லை. துப்பாக்கிக் குழாயின் உள்ளே திருகு வரி வெட்டினால் குண்டு சுழன்று நேராகப் போகும். ஏன் என்று 1747-ல் விளக்கியவரும் அவரே. திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அந்தத் திருகு வரிதான் வேலை செய்கிறது.

கடலூர் வீடுகளிலிருந்து பிள்ளைகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ, திருச்சியிலோ முதல் வேலையில் சேரலாம். அங்கே அவர் போடும் கணக்குக்கு அடி எடுத்துக் கொடுத்தவர், தேவனாம்பட்டினத்தில் கடைசி மூச்சு விட்ட அந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான்.