மலைக்கு அந்தப் பக்கத்து மீன்

சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேர்பிடித்ததற்கு வெயிலும் ஒரு காரணம் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து காய வேண்டும், ஈரம் ஆகாது. அந்த வெயிலை நமக்குத் தந்தது மேற்கே நிற்கிற மலைதான். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை அது தன் மறுசரிவிலேயே இறக்கிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ பார்த்தால் தெரிகிற அந்த முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை வைப்பாறாகி மன்னார் வளைகுடாவுக்குப் போகும். அந்தப் பக்கம் விழுவது பெரியாறாகி அரபிக்கடலுக்கு.

அந்தப் பக்கத்து நீரில் மட்டும் ஒரு மீன் வாழ்கிறது. அறிவியல் பெயர் லெபிடோபைகோப்சிஸ் டைபஸ். மலையாளத்தில் பிராமணக் கெண்டை. சாணளவு வளரும். தேக்கடி ஏரி, அதற்கு மேலே உள்ள பெரியாறு, அதில் வந்து சேரும் காட்டோடைகள் ஆகியவற்றை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. இந்தப் பேரினத்தில் இருப்பதே இந்த ஒரு இனம்தான். பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றோடு சேர்த்திருக்கிறார்கள்.

இதை 1941இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த பி. சுந்தரராஜ். மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் ஏன் அசந்துபோனார் என்று புரியும். நம் கண்மாய்க் கெண்டையைப் போல உடம்பு முழுக்கச் செதில் கிடையாது. ஆனால் மலத்துவாரத்தை ஒட்டி, அடித்துடுப்பின் அடிப்பகுதியில் மட்டும், பெரிய செதில்கள் வீட்டுக்கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் வரிசையாக இருக்கும். இப்படிப்பட்ட செதில் வரிசை, இமயமலையின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் பனி டிரவுட் மீன்களின் அடையாளம். காஷ்மீரத்து ஆற்றில் இருக்க வேண்டிய சாடை, திருவிதாங்கூர்க் காட்டில் எப்படி வந்தது?

இது அந்தக் காலத்தில் சூடான கேள்வி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுந்தர்லால் ஹோரா, கிழக்கு இமயத்து மீன்கள் ஒரு காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் வழியாக மேற்குத்தொடர்ச்சி மலைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று 1940களில் வாதாடிக்கொண்டிருந்தார். நம் மீனும் அந்தப் பயணக்கதைக்குள் அழகாகப் பொருந்தியது. ஆனால் இன்றைய வகைப்பாட்டில் இது பனி டிரவுட்டோடு இல்லை. மகசீர் மீன்களின் துணைக்குடும்பத்தில் இருக்கிறது. அப்படியானால் இமயத்துச் சொந்தம் என்று நினைத்த செதில் வரிசை இங்கே தனியாகத் தோன்றியதாகத்தான் இருக்க வேண்டும். உறவு சொல்லிக்கொண்டு வந்ததைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஒரே ஏரியில் வாழும் மீன் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஏரிக்கு வயது நூற்றுமுப்பதுதான். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை தேக்கிய நீர் அது. படகுச் சவாரியில் நாம் பார்க்கிற பட்டுப்போன மரங்கள் அப்போது மூழ்கிய காட்டின் மிச்சம். மீனோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறது. அது ஓடைமீன். கல்லும் சரளையும் கிடக்கும், நுரைத்து ஓடும் நீர் அதன் வீடு. தண்ணிக்குடிக்கு மேலே ஆறு ஆறாகவே ஓடும் பகுதியில் அது இன்னும் தென்படுகிறது. அணையின் நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று இரண்டு மாநிலங்கள் வழக்காடி, 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. நமக்கு அது பாசனக்கணக்கு. ஓடைமீனுக்கோ ஒவ்வொரு அடி உயரும்போதும் ஓடுகிற நீரில் கொஞ்ச தூரம் நிற்கிற நீராக மாறுகிறது. இதற்காக அணையைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அணையிலிருந்து மலைக்கு இந்தப் பக்கம் திருப்பிவிடப்படும் அந்தத் தண்ணீர் இல்லாமல் தேனியும் மதுரையும் இல்லை.

நிற்கிற நீர் வேறு ஆட்களுக்குப் பிடித்துப்போனதுதான் வினை. 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த சாதாக் கெண்டையும், 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டையும் உணவுக்காக ஊர் ஊராக விடப்பட்டவை. இரண்டும் தேக்கடி ஏரிக்கும் போய்ச் சேர்ந்தன. கெண்டை அடிச்சேற்றைக் கிளறி மேயும். ஜிலேபி கிடைத்ததையெல்லாம் தின்று, வருடத்தில் பலமுறை குஞ்சு பொரித்து, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். உள்ளூர் மீன்கள் மேயும் இரையைத்தான் வந்தவையும் மேய்கின்றன என்பதை 1990களில் அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின.

நம் செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் இருக்கிற பளியர்களின் இனத்தவர் குமுளிப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களும் மன்னான் பழங்குடியினரும் காப்பகத்தின் அனுமதியோடு மூங்கில் தெப்பத்தில் போய் ஏரியில் வலை போடுகிறவர்கள். வலையில் பெரும்பாலும் விழுவது வந்தேறி மீன்கள்தான் என்பதால் அவர்களுடைய பிழைப்பே ஒருவகையில் களையெடுப்பும்கூட. ஆனால் வலை ஏரிக்குள்தான் போகும், ஓடைக்குள் ஏறாது.

கடைசியாக வந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இது வேட்டையாடும் மீன். மற்ற மீன்களையே விழுங்கும். செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் காற்றையும் சுவாசிக்கும் என்பதால், மழை நாளில் ஈரத்தரையில் நெளிந்தே ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். சாதாக் கெண்டை விட்டுவைத்த ஓடைமுகத்தை இது விட்டுவைக்கும் என்று நம்ப முடியாது. இதை வளர்க்க இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டாகிவிட்டது. ஆனாலும் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்த்துச் சந்தையில் விற்கிறார்கள். குட்டை உடைந்தால் அடுத்த வாய்க்கால், வாய்க்கால் போனால் ஆறு.