ஒரு பகுதி போனாலும் மூச்சு நிற்பதில்லை

ஷெல் காயம், காசநோய், புற்றுநோய் என ஏதோ ஒரு காரணத்தால் நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். பாரம் தூக்காதே, படி ஏறாதே என்று வீட்டார் அவர்களைக் கதிரையில் இருத்திவிடுவதும் உண்டு. இந்த அக்கறைதான் பல வேளைகளில் கெடுதலாகிறது.

வலது நுரையீரலில் மூன்று சோணைகள், இடதில் இரண்டு. ஒன்றை வெட்டி எடுத்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. மிஞ்சிய சோணைகள் விரிந்து வரும். பிரிமென்றகடு சற்று மேலெழும். இதயமும் அந்தப் பக்கம் கொஞ்சம் நகரும். வெட்டிய சோணை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் ஓய்வாக இருக்கும்போது நமக்குத் தேவைப்படுவது நுரையீரலின் ஆற்றலில் சிறு பங்குதான். சேமிப்பில் கிடந்த மீதி இப்போது வேலைக்கு வருகிறது.

வளர்ந்தவர்களுக்குப் புதிய காற்றறைகள் உருவாகாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வலது நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டு 15 ஆண்டுகள் கடந்த ஒரு பெண்ணிடம் அவை பெருகியிருப்பதற்கான சான்றை 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒருவரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாதுதான். 2015 ஜனவரியில் மடுவுக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸும் இளவயதில், 1957இல், வலது நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தவரே. அவர் 88 வயதுவரை வாழ்ந்தார்.

வன்னியின் சமதரையில் இலகுவாக நடந்தவருக்குக் கண்டியில் மூச்சு வாங்கினால், 'மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 6 வீதமே குறைவு. இளைக்க வைப்பது ஏற்றமும் படிகளும்தான். நுவரெலியா வேறு கதை: அங்கே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்றத்தில் நின்று நின்று, வைத்தியர் சொன்ன அளவில் நாளாந்தம் நடப்பவருக்குத் தசைகள் ஒட்சிசனைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகும். அடுப்புப் புகையும் சிகரெட்டும் மிஞ்சியதையும் தின்னும். இரத்தம் கலந்த சளி, காய்ச்சல், திடீர் மூச்சுத் திணறல் என்றால் வைத்தியசாலைக்குத் தாமதமின்றிப் போக வேண்டும்.

இன்னொன்று. ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தவருக்கு அந்த வெற்றிடத்தில் நீர் நிரம்புவது இயல்பு. பழைய கதை தெரியாத வைத்தியர் எக்ஸ்ரேயில் அதைப் புதிய நோயென்று எண்ணக்கூடும். இடப்பெயர்வில் 'டயக்னோசிஸ் காட்' தொலைந்துபோனவர்கள், எங்கே, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.