ஆழ்கடலில் தூண்டில் போடக் குழுவாகப் போவதானால்...

சங்கத்தின் பொங்கல் விழாவில் அந்தமான் படங்களைப் போட்டுக் காட்டியதிலிருந்து, "நாங்களும் பத்துப் பேர் சேர்ந்து போகலாமா? எப்படி ஏற்பாடு செய்வது?" என்று கேட்கும் அன்பர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதற்குப் பதிலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் நம் ஆசிரியர். நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூர் டீசல் ஷெட்டில் முப்பத்தாறு வருஷம் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன். ஷெட்டில் பழகிய முறைப்படி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும். 2019-ல் மேற்குக் கரையில் ஓர் ஊரில், நண்பர்கள் ஆறு பேர் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக் கடலுக்குள் போனோம். வாடகையைப் பேரம் பேசினோமே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவுட்போர்டு மோட்டார் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் மெல்லிய தாரையாக எஞ்சினின் பின்புறம் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை. உறிஞ்சும் துவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்திருந்தது. எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ரேடியோ இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ஆறு பேருக்கு நான்கு லைஃப் ஜாக்கெட்.

மூன்று மணி நேரம் மிதந்தோம். அதற்குள் ஒரு நண்பர் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறத் தொடங்கினார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டவர், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்திருந்தார். யாரோ பையில் வைத்திருந்த கடலைமிட்டாயும் சர்க்கரை போட்ட டீயும்தான் அவரைக் காப்பாற்றின. பிறகு ஒரு மீன்பிடி விசைப்படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சினையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான், புறப்படுமுன் அந்த எஞ்சினை ஒரு முறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு உண்டு.

2023 பிப்ரவரியில் ஒன்பது பேர் அந்தமான் போனபோது கடைப்பிடித்தவை இவை.

இடம்: கல்கத்தாவிலிருந்து பக்கத்தில் திகா இருக்க அந்தமான் ஏன் என்று கேட்கலாம். கங்கை கொண்டுவந்து கொட்டும் வண்டலால், வங்கக் கடலின் தலைப்பகுதியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனாலும் கடல் ஆழமில்லை. அந்தமானைச் சுற்றியோ கடல் சீக்கிரமே ஆழமாகிவிடும். அதனால் சூரை, வஞ்சிரம், பாறை, சீலா, மயில்மீன் எல்லாம் கரைக்கு அருகிலேயே கிடைக்கின்றன. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) ஆகிய இடங்களில் தூண்டில் படகுகள் வாடகைக்கு உண்டு.

காலம்: ஜனவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை முதலில் அந்தமானைத்தான் தொடும். மேலும், கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அது அந்தமானுக்கும் சேர்த்துத்தான். தேதி வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

படகு: வாடகை ஆளுக்கல்ல, படகுக்கு, அரை நாள் அல்லது முழு நாள் கணக்கு. ஒரு படகில் நான்கு முதல் ஆறு பேர் வசதியாகத் தூண்டில் போடலாம். நாங்கள் ஒன்பது பேர் என்பதால் இரண்டு படகு எடுத்து, ஒன்றையொன்று கண்பார்வையில் வைத்துக்கொண்டு போனோம். ஒன்று நின்றால் மற்றது இழுக்கும். செலவு கூடுதல்தான். ஆனால் ஒரே படகில் நெருக்கியடித்துப் போவது மிச்சம் பிடிக்கும் வழியல்ல. எரிபொருள், தூண்டில் கருவிகள், இரை, சாப்பாடு, குடிதண்ணீர் எல்லாம் வாடகையில் அடக்கமா, வானிலை கெட்டுப் புறப்பட முடியாவிட்டால் முன்பணம் திரும்புமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை: எஞ்சின் ஒன்றா இரண்டா? டாங்கில் எவ்வளவு எரிபொருள்? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. மீனைத் தேடிச் சுற்றுவதும் முதல் பங்கிலேயே அடங்க வேண்டும். வி.எச்.எஃப். ரேடியோ வேலை செய்கிறதா? ஆபத்துக்கு அழைப்பது 16-ஆம் சானல். கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் போட்டு, கொக்கியை மாட்டிப் பார்க்க வேண்டும். யார் யார் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டேஷனை விட்ட வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு வராவிட்டால் தேடுகிற மாதிரி, நம்மைத் தேடவும் ஒருவர் வேண்டும்.

உடம்பு: இதில் கூச்சம் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எதுவானாலும் குழுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு எடுத்துச் சென்றோம். கடல் குமட்டலுக்கு மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. அது தூக்கம் வரவழைக்கும். புராஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் அன்றைய மருந்தளவையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. படகின் நடுவில் உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை இல்லை.

சட்டம்: வண்டூர் பக்கம் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும், பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதிகளிலும் நுழையும் எண்ணமே வேண்டாம். ஆமை, கடற்பசு, திமிங்கலச் சுறா ஆகியவை வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் பெரிய மீனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவதே அங்கே வழக்கம். அதைத் தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் வைத்திருந்தால் விட்டும் பயனில்லை.

கடைசியாக, ஒரு நாள் உபரி: இதுதான் முக்கியம். கடல் எப்படி இருக்கும் என்பதை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகத்தோடு முன்கூட்டியே வெளியிடுகிறது. காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) தாண்டினால் போவதில்லை என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தோம். நாங்கள் குறித்த நாளன்று விடியற்காலையில் 18 நாட் என்று வந்தது. படகோட்டியும் தமிழர்தான். "ஐயா, இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பாப்போம்" என்றார். 1,300 கிலோமீட்டர் தாண்டி வந்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வெயிலடிக்கிறதே, பயந்தாங்கொள்ளியா என்று என்னிடம் இரண்டு பேர் அன்று முழுவதும் பேசவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டு நடக்கும் எண்ணம் இல்லாவிட்டால் சிக்னல் எதற்கு?

மறுநாள் கடல் அடங்கியிருந்தது. போனோம். 2019-ல் குழறியவர் இந்த முறையும் வந்திருந்தார். அவர் மனைவி என்னிடம், "அண்ணா, உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தார். நண்பர் நடு இருக்கையில், சட்டைப் பையில் குளுகோஸோடு உட்கார்ந்திருந்தார். அவர் தூண்டிலில் ஒரு பாறை மீன் மாட்டியது. பத்து நிமிஷம் இழுத்துக் கை ஓய்ந்து, தூண்டிலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். மீனைத் திரும்ப விட்டபோது அது வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கீழே போனதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலை நான்கு மணிக்குக் கரை சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, தலைகளை எண்ணியது. ஒன்பது. பிறகுதான் டீ குடித்தேன்.