ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும் விருந்தாளி

ஐப்பசி மாதத்து வைகறையில் கொல்லைப்புறக் கதவைத் திறப்போர் சில வேளைகளில் திகைத்து நிற்பதுண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், செந்நிற அடிவயிறு, கண்ணோரம் கரிய பட்டை. இத்தனை வண்ணங்களைத் தாங்கிய சிறு பறவையொன்று வாழையடியில் ஒடுங்கிக் கிடக்கும். கிட்டே சென்றாலும் பறக்க மாட்டாது. அதுவே ஆறுமணிக் குருவி.

அது நோயுற்ற பறவையன்று, களைத்துப்போன பயணி! இமயத்தடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரிக்கும் இவ்வினம், குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருகின்றது. இமயத்தடிவாரத்திற்கும் கடலூருக்கும் இடையே சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவு. இப்பறவையின் நீளமோ 19 சென்டிமீட்டர். எடை 60 கிராம் அளவே. இரவிலேயே பறந்து வருவதால், விளக்கொளியில் மயங்கி வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு.

வந்தபின், கடலூர், சிதம்பரம் வட்டாரத் தோப்புகளில் சருகுகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்று வாழும். பகலெல்லாம் புதருக்குள் மறைந்திருக்கும் அது, நாம் சுப்ஹுத் தொழுது இல்லம் திரும்பும் வேளையிலும், மஃரிபு பாங்கு ஒலிக்கும் வேளையிலும் இரட்டைச் சீழ்க்கையாய்க் குரல் கொடுக்கும். அதனாலன்றோ ஆறுமணிக் குருவி எனும் பெயர் பெற்றது!

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, 'இது என்ன பறவை?' என வினவினார். அவ்வினாவே அவரை நாடு போற்றும் பறவையியல் அறிஞராக உயர்த்திற்று. நம் பிள்ளைகளிடமும் அத்தகைய வினா எழட்டும். ஆனால் கவணோ கூண்டோ வேண்டா. காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கின்றது.

செய்யவேண்டியது எளிது. பூனையை விலக்குங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டும் அமைதியுமான இடத்தில் பறவையை வையுங்கள். அலகைத் திறந்து நீரோ உணவோ புகட்டாதீர்கள். தெளிவு பெற்றதும் புதரருகே விட்டுவிடுங்கள். காயமுற்றிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.

அழைக்காமல் வந்த விருந்தாளிக்கு ஒரு பகற்பொழுது அடைக்கலம் தருவது நமக்குப் பெரும் பாரமன்று. அப்பறவைக்கோ, அதுவே உயிர்!