கார்னிவால்: முற்றுப்பெறாத தொடரும் பார்வையாளர் கருத்துகளும்

அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2003 முதல் 2005 வரை ஒளிபரப்பிய 'கார்னிவால்' தொடர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தையும் புழுதிப்புயல்களையும் களமாகக் கொண்டது. நோய் தீர்க்கும் ஆற்றலுடைய பென் ஹாக்கின்சும் போதகர் ஜஸ்டின் குரோவும் அதில் ஒளி, இருள் ஆகியவற்றின் உருவங்களாக நிற்கின்றனர்.

கதை நகர மறுக்கிறது, குறியீடுகள் விளக்கமின்றிக் குவிகின்றன என்பது ஒரு சாராரின் குறை. முதற்பருவம் முழுவதும் இருவரும் நேரில் சந்திப்பதே இல்லை என்பதால் இக்குறையைப் புறந்தள்ளுவதற்கில்லை. வறட்சியில் வாழ்வோரின் காலம் அவ்வாறுதான் ஊர்ந்து செல்லும் என்பது மறுசாரார் கருத்து. வாரம் ஒரு பகுதியாகக் காண்போர்க்குச் சலிப்பூட்டும் மந்தகதி, குறுந்தகட்டில் தொடர்ந்து காண்போர்க்குச் செறிவாகத் தோன்றுவதும் இயல்பே.

எனினும் இரு சாராரும் மதிப்பிட்டது முழுமையான படைப்பை அன்று. டேனியல் நாஃப் ஆறு பருவங்களாகத் திட்டமிட்ட இக்கதை, பெருஞ்செலவும் பார்வையாளர் குறைவும் காரணமாக இரண்டு பருவங்களில், 24 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் மின்னஞ்சல்களை அனுப்பிக் கோரியும் முடிவு மாறவில்லை. பொறுமையைக் கோரிய தொடர், பொறுத்திருந்தோர்க்கே விடை தரவில்லை. இறுதிக் காட்சியில் சோஃபி ஜஸ்டினின் உடல்மீது கைவைக்கிறாள்; சுற்றிலும் பயிர் கருகுகிறது; கதை அங்கேயே நிற்கிறது.