கைக்குள் அடங்கும் எஞ்சின்

கொழும்பு மருதானையிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டுச் சப்ரகமுவ மலைச்சாரலுக்குள் நுழைந்த களனிவெளிப் புகையிரதப் பாதை, இரண்டரை அடி அகலமே கொண்டது. அது 1902ஆம் ஆண்டில் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைக்கும் ஒரு கிளைப் பாதை சென்றது. தோட்டங்களின் தேயிலையும் றப்பரும் அவ்வழியே கொழும்புக்கு இறங்கின. தோட்ட மக்களுக்கான அரிசி மூட்டைகள் அவ்வழியே ஏறின. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பாதையில் 1970களில் வண்டிகள் நின்றுபோயின. எஞ்சிய பகுதி 1990களில் ஐந்தரை அடி அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஆகவே, இரத்தினபுரித் தோட்டமொன்றில் இன்று வளரும் சிறுவனுக்குத் தன் பாட்டனார் ஏறிச்சென்ற வண்டியைக் காட்ட வேண்டுமாயின், அதன் சிறிய மாதிரியைத்தான் காட்ட இயலும்.

அந்த மாதிரி அலமாரியில் நிற்கும் பொம்மையாக இருந்தால் பாதிப் பாடமே கிடைக்கும். அது ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர வேண்டும். வளைவில் திரும்ப வேண்டும். பெட்டிகளை இழுக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இரு மாதிரி எஞ்சின்கள் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்று இருபது ஆண்டுகள் ஓடும். மற்றொன்று இருபது நாளில் படுத்துவிடும். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதலில் அளவைப் பார்ப்போம். மாதிரிப் புகையிரதங்களில் உலகெங்கும் பெரிதும் வழங்குவது எண்பத்தேழில் ஒன்று என்னும் அளவாகும். இரண்டரை அடி என்பது 762 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். நூற்றறுபதில் ஒன்று என்னும் இன்னும் சிறிய அளவில் செய்யப்படும் அகலப்பாதை மாதிரிகளும் ஒன்பது மில்லிமீற்றர் தண்டவாளத்திலேயே ஓடுகின்றன. ஆகவே அந்தச் சிறிய எஞ்சின் ஒன்றின் சக்கரத் தொகுதியை எடுத்து, அதன்மேல் குறும்பாதை எஞ்சினின் உடலைக் கட்டிப் பொருத்துவது மாதிரி செய்வோரின் பழைய வழக்கம். களனிவெளி வண்டியைச் செய்ய விரும்புகிறவருக்கும் இவ்வழி பொருந்தும்.

இனி, அளவு குறையும்போது எல்லாம் ஒரே வீதத்தில் குறைவதில்லை என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். நீளம் 87 மடங்கு குறைந்தால், நிறை 87ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது ஆறரை இலட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. முப்பது தொன் நிறையுள்ள எஞ்சினை அப்படியே சிறிதாக்கினால், ஏறக்குறைய 46 கிராமே எஞ்சும். எஞ்சின் இழுப்பது தன் நிறை தண்டவாளத்தை அழுத்தும் பிடியினால்தான். மலைநாட்டுப் பாதையில் றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே நாற்பத்துநான்கடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் உண்டு. அங்கே கனத்த வண்டிகளுக்கு உதவி எஞ்சின் ஒன்றைக் கூடுதலாகப் பூட்டியது இதன் பொருட்டே. மாதிரி எஞ்சினுக்கும் இதுவே விதி. அதனால் நல்ல உற்பத்தியாளர் உடலின் உட்புறத்தில் கன உலோகத்தை நிரப்புகின்றனர். கையில் எடுத்ததும் அளவை மீறிக் கனக்கும் எஞ்சின் பெரும்பாலும் நம்பத்தக்கது.

நிறை போதாத எஞ்சின்களுக்குச் சக்கரத்தைச் சுற்றி மெல்லிய றப்பர் வளையம் மாட்டுவதும் உண்டு. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டும் தொழிலாளிக்கு றப்பரின் பிடிப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. வளையம் மாட்டிய சக்கரம் இழுக்கும், மின்சாரத்தை வாங்காது. மேலும், எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதித் தளர்ந்துவிடும். ஆகவே ஒரு பக்கத்தில் பெற்ற நன்மைக்கு மறுபக்கத்தில் விலை கொடுக்க நேர்கிறது.

மின்சாரம் என்றதும் உண்மை எஞ்சினுக்கும் மாதிரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெளிப்படுகிறது. களனிவெளியின் நீராவி எஞ்சின் தன் நெருப்பையும் நீரையும் தானே சுமந்து சென்றது. மாதிரி எஞ்சினோ பெரும்பாலும் தண்டவாளத்திலிருந்து, சக்கரத்தின் வழியாக, கணந்தோறும் மின்சாரத்தை வாங்கியே வாழ்கிறது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஊசிமுனையளவே. அங்கே பத்தில் ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள அழுக்குப் படிந்தால், அது முழு அளவில் ஒன்பது மில்லிமீற்றர்க் கனமுள்ள பலகையைத் தண்டவாளத்தின்மேல் வைத்ததற்கு ஒப்பாகும். எஞ்சின் சிறுத்தது, தூசு சிறுக்கவில்லை. ஆகவே நான்கு சக்கரங்களில் மட்டும் மின்சாரம் வாங்கும் எஞ்சினைவிட, எட்டுச் சக்கரங்களிலும் வாங்கும் எஞ்சின் தடையின்றி ஓடும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடங்களில் இவ்வேறுபாட்டை உடனே காணலாம். அண்மைக் காலத்தில், ஓரிரு விநாடிக்குரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சிறு மின்தேக்கியையும் எஞ்சினுக்குள் பொருத்துகின்றனர்.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பகுதியில் இக்கவலை இன்னும் பெரிது. ஈரக் காற்றில் இரும்புத் தண்டவாளம் துருவேறும். பித்தளை மங்கி மின்னோட்டத்தைத் தடுக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்புலோகத் தண்டவாளமே அங்கு ஏற்றது. அடிப்பலகை ஈரத்தில் ஊதிக் கோணினால் தண்டவாளமும் கோணும். அதன்மேல் எவ்வளவு சிறந்த எஞ்சினும் தடம்புரளும். குற்றம் எஞ்சின்மேல் சுமத்தப்படும். பிழை பாதையில் இருக்கும்.

எஞ்சினின் உள்ளுறுப்புகளில் மோட்டாரும் பற்சக்கரமும் முதன்மையானவை. மோட்டாரின் சுழல்பகுதியில் மூன்று துருவங்கள் இருப்பின், மெல்ல ஓடும்போது அது விக்கி விக்கி நகரும். ஐந்து துருவங்கள் இருப்பின் ஓட்டம் சீராகும். பற்சக்கரங்கள் பிளாஸ்டிக்கினால் ஆனவையாயினும் தாழ்வில்லை. அவை ஓசையின்றிச் சுழலும். ஆனால் இரும்பு அச்சின்மேல் இறுக்கமாக அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் சக்கரம், ஆண்டுகள் சென்றபின் வெடிப்பதுண்டு. அப்போது மோட்டார் சுழலும். எஞ்சின் நகராது, அல்லது நொண்டும்.

உலோகமாயின் அழிவில்லை என்று எண்ணுவதும் தவறு. 1920களிலும் 1930களிலும் வார்த்த துத்தநாகக் கலப்புலோகப் பாகங்கள் பல, காலப்போக்கில் தாமாகவே ஊதி, வெடித்து, உதிர்ந்திருக்கின்றன. உலோகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டதே காரணம். அதனைத் திருத்த மருந்தில்லை. பழைய எஞ்சினை விலைக்கு வாங்குகிறவர், வர்ணத்தின் பளபளப்பைப் பார்க்குமுன், அடிச்சட்டத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பார்ப்பது அறிவுடைமையாகும்.

தோட்டப்புறத்தில் வாழ்கிறவர் கடையிலேயே எஞ்சினைச் சோதித்து வாங்குவது நன்று. பழுதானால் திருத்துகிற பட்டறை அருகில் இராது. சோதனை எளியது. வேகமாக ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் இல்லை. மட்டமான எஞ்சினும் வேகமாக ஓடும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எஞ்சின் குதிக்காமல் ஊர்ந்து புறப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே மெதுவில் பாதை பிரியும் இடத்தை நிற்காமல் கடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே விதமாக ஓடுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இம்மூன்றிலும் தேறிய எஞ்சினை வீட்டிற்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு திசையிலும் அரைமணி நேரம் சுமையின்றி ஓடவிட்டால் உறுப்புகள் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும்.

அதன்பின் அதன் ஆயுள் உடையவரின் கையில் இருக்கிறது. அச்சுகளுக்கு எண்ணெய் ஊசிமுனையளவு போதும். மிகுந்த எண்ணெய் தூசியைச் சேர்க்கும், மோட்டாருக்குள் புகும், றப்பர் வளையத்தைக் கெடுக்கும். சக்கரங்களையும் தண்டவாளத்தையும் அடிக்கடி துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் எஞ்சினை ஈரம் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினில் எண்ணெய் பிசினாகிவிடும். ஆகவே சிறிது நேரமேனும் இடையிடையே ஓட்டுவதே அதற்குச் சிறந்த மருந்து.

சிறியது என்பதனால் ஓர் எஞ்சின் நம்பத்தகாதது ஆகிவிடுவதில்லை. இரண்டரை அடிப் பாதையில் ஓடிய சிறு எஞ்சின்கள் சப்ரகமுவத் தோட்டங்களின் விளைச்சலைப் பல பத்தாண்டுகள் இழுத்தன. பாதையைச் செப்பனிட்டவரும், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தவரும், அச்சுக்கு எண்ணெய் இட்டவரும் அன்றாடம் உழைத்ததனாலேயே அது கைகூடிற்று. அந்த உழைப்பின் ஒரு சிறு பங்கை ஒன்பது மில்லிமீற்றர்த் தண்டவாளத்திற்கும் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், லயத்து அறையின் மேசை ஒன்றின்மேலாவது இரத்தினபுரிக்கு மீண்டும் புகையிரதம் வந்து சேரும். சிறுவன் அதனைத் தன் கண்ணால் காண்பான்.