எதிர் இருக்கையில் ஒரு மூதாட்டி

லண்டனை அடுத்த ரிச்மண்டிலிருந்து வாட்டர்லூவுக்குச் செல்லும் ரயிலில், புறப்படும் தறுவாயில் ஓடி வந்து ஏறிய ஒரு பெண்மணி, அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருவர் அமர்ந்து அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்ததையும், தம் வரவால் அப்பேச்சு அறுபட்டுப்போனதையும் உணர்ந்து, சற்றுச் சங்கடத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். இருவரில் ஒருவர் வயது முதிர்ந்த அம்மாள். உடை நைந்திருந்தாலும், கிழிசல் ஒவ்வொன்றும் தைக்கப்பட்டு, முடிய வேண்டியதெல்லாம் முடியப்பட்டு, அழுக்கைவிடப் பரிதாபமான ஒரு சுத்தத்தோடு அவர் காணப்பட்டார். மற்றவர் நாற்பது வயதைக் கடந்தவர். வியாபாரி போலத் தோன்றினார். இருவருக்கும் இடையே வெளியில் சொல்ல முடியாத ஏதோ விவகாரம். திடீரென்று அந்த அம்மாள், இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இலைகளைக் கம்பளிப்புழு தின்றுவிட்டால் ஓக் மரம் பட்டுப்போய்விடுமா என்று கேட்டார். மனிதர் பூச்சிகளைப் பற்றி விஸ்தாரமாகப் பேசலானார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்துச் சத்தமின்றி அழுதார். வழியில் அந்த மனிதர் இறங்கிவிட்டார். வாட்டர்லூ வந்ததும் அம்மாளும் தம் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெரிய நிலையத்துக்குள் மறைந்துபோனார்.

பெயர் தெரியாத இந்த மூதாட்டிக்கு ஸ்ரீமதி பிரௌன் என்று பெயர் சூட்டி, 1924-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் ஒரு சங்கத்தாரின் முன் உபந்நியாசம் செய்தவர் வர்ஜீனியா வுல்ஃப். எல்லா நாவல்களும் இப்படி எதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடமிருந்தே தொடங்குகின்றன என்பது அவருடைய சித்தாந்தம். அப்படியானால், அன்று இங்கிலாந்தில் புகழின் உச்சியில் இருந்த மூன்று நாவலாசிரியர்கள் அந்தப் பெட்டியில் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். எச். ஜி. வெல்ஸ், இத்தகைய ஏழைக் கிழவிகளே இல்லாத ஓர் ஆதர்ச உலகத்தை ஜன்னல் கண்ணாடியில் கண்டு அதிலேயே லயித்திருப்பார்; ஜான் கால்ஸ்வொர்தி, அவளை இந்நிலைக்கு ஆளாக்கிய சமூகத்தின்மீது கோபங்கொண்டு பொருமுவார்; அர்னால்ட் பென்னட் ஒருவர் மட்டுமே கண்ணைப் பெட்டிக்குள் வைத்திருப்பார், ஆனால் அவரும் மெத்தையின் துணியையும், அம்மாளின் ஆபரண ஊசியின் விலையையும், அவள் குடியிருக்கும் வீட்டின் வாடகையையும் அளந்து எழுதுவாரே தவிர, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டார் என்பது வுல்ஃபின் குற்றச்சாட்டு.

ஒரு நாவலாசிரியர் தம் சகாக்களைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. விமர்சகர் நீதிபதியின் ஸ்தானத்திலிருந்து பேசுகிறார். நாவலாசிரியரோ பட்டறையில் நின்று, கையில் இருக்கும் உளி தம் வேலைக்கு உதவாது என்று கண்டு அதைக் கீழே போடும் தச்சனைப்போலப் பேசுகிறார். உளியின்மேல் குற்றமா, செய்ய நினைத்த வேலை வேறா என்று நின்று ஆராய அவருக்கு அவகாசமில்லை.

வுல்ஃப் 1882-இல் பிறந்தவர். தந்தை லெஸ்லி ஸ்டீபன் பெயர்பெற்ற பத்திராதிபர், அறிஞர். 1905 முதல் 'டைம்ஸ்' பத்திரிகையின் இலக்கிய அனுபந்தத்தில், அக்கால வழக்கப்படி கையொப்பமின்றி, நூற்றுக்கணக்கான மதிப்புரைகளை எழுதிக் கை பழகியவர். அவருடைய கணவர் லெனார்ட் வுல்ஃப், இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்து யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நம் வாசகர்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 1917-இல் தம்பதிகள் இருவரும் சுமார் பத்தொன்பது பவுன் கொடுத்து ஒரு சிறிய கை அச்சு யந்திரத்தை வாங்கி, ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்து, ஹோகார்த் பிரஸ் என்னும் பிரசுராலயத்தைத் தொடங்கினார்கள். வர்ஜீனியா தாமே எழுத்துக் கோத்தார். பிறருடைய வாக்கியங்களை ஒவ்வோர் எழுத்தாகத் தம் விரல்களால் அடுக்கியவர் அவற்றை மேலோட்டமாகப் படித்திருக்க முடியாது.

1919 ஏப்ரலில் அவர் தற்கால நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சர்ச்சையின் விதை இருக்கிறது. வெல்ஸ், பென்னட், கால்ஸ்வொர்தி மூவரும் ஸ்தூலத்தைக் கட்டிக்கொண்டு சூக்ஷ்மத்தைக் கோட்டைவிட்டவர்கள் என்று அதில் கூறினார். பென்னட்டின் கட்டுமானத்தில் ஒரு விரிசலும் இல்லை, ஆனால் அந்த வீட்டில் குடியிருக்க ஜீவன் வர மறுத்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. சாதாரண மனிதனின் சாதாரண நாளொன்றில், கணந்தோறும் மனத்தின்மீது வந்து விழுகின்ற எண்ணிறந்த பதிவுகளை, அவை விழுந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கலாகாதா என்றும் கேட்டார். பின்னாளில் தமிழில் நனவோடை என்று நாம் பெயரிட்டுக்கொண்ட உத்திக்கு அக்கட்டுரை ஒரு பிரகடனம் போலாயிற்று.

பென்னட் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. வுல்ஃபின் 'ஜேக்கப்பின் அறை' 1922-இல் வெளிவந்தது. மறு வருஷம் பென்னட் எழுதிய கட்டுரையில், நாவலுக்கு அஸ்திவாரம் பாத்திர சிருஷ்டியே என்றும், இந்த அம்மையாரின் நூல் சாமர்த்தியம் நிறைந்ததாயினும் அதன் பாத்திரங்கள் மனத்தில் நிலைத்து வாழவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு மறுமொழியாக வளர்ந்து வந்ததுதான் ஸ்ரீமதி பிரௌனின் கதை. கவனித்துப் பார்த்தால், பாத்திரமே நாவலின் உயிர் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இருவரும் ஒரே தெய்வத்தின் உபாசகர்கள். எந்த மந்திரத்துக்கு அது இறங்கி வரும் என்பதில்தான் வழக்கு.

1910 டிசம்பர் வாக்கில் மனித சுபாவமே மாறிவிட்டது என்று அந்த உபந்நியாசத்தில் வுல்ஃப் துணிந்து கூறிய வார்த்தையைப் பலர் எடுத்தாண்டிருக்கிறார்கள். ரோஜர் ஃப்ரை என்னும் நண்பர் பிரெஞ்சுப் புது ஓவியர்களின் சித்திரங்களை லண்டனில் காட்சிக்கு வைத்துப் பரபரப்பு உண்டாக்கிய காலம் அது. ஆனால் வுல்ஃப் காட்டிய உதாரணம் அடுக்களையிலிருந்து வந்தது: முன் தலைமுறைச் சமையற்காரி வீட்டின் அடித்தளத்தில் ஆழ்கடல் பிராணிபோல் கண்ணுக்கெட்டாமல் கிடந்தாள்; இப்போதையவளோ பத்திரிகை இரவல் கேட்கவும், தொப்பி அழகாயிருக்கிறதா என்று கேட்கவும் கூடத்துக்குத் தாராளமாக வந்து போகிறாள். மனிதருக்கு மனிதர் உள்ள உறவு மாறினால் நாவலும் மாறத்தானே வேண்டும்?

இவ்வளவும் ஒப்புக்கொள்ளக்கூடியதே. ஆயினும் பென்னட்டுக்கு அவர் நியாயம் செய்தாரா என்றால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உபந்நியாசத்தில் அவர் சான்றுக்கு எடுத்துக்கொண்டது 'ஹில்டா லெஸ்வேஸ்' என்னும் நாவலை. 1908-இல் வெளியான 'ஓல்ட் வைவ்ஸ் டேல்' என்ற மகத்தான கிரந்தத்தை அவர் பிரித்துக் காட்டவில்லை. அந்த நாவல் பிறந்த வரலாற்றைப் பென்னட்டே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். 1903-இல் பாரிஸ் நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பருத்து உருக்குலைந்த ஒரு கிழவி மூட்டை முடிச்சுகளோடு உள்ளே வந்து, இங்கே உட்கார்ந்து, அங்கே மாறி, பொட்டலங்களை நழுவவிட்டுத் தடுமாற, பரிமாறும் பெண்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பென்னட்டுக்கு ஒரு நினைவு வந்தது: இவளும் ஒரு காலத்தில் இளமையும் மெல்லிய மேனியும் படைத்தவளாக இருந்திருப்பாளே, கணத்துக்குக் கணம் தான் அறியாமலே அல்லவா இப்படி ஆகிவிட்டாள்! அந்தக் கருணையிலிருந்துதான் கான்ஸ்டன்ஸ், ஸோஃபியா என்ற சகோதரிகளின் கதை உருவாயிற்று. ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்த ஸோஃபியா ஒருவனோடு ஓடிப்போய்ப் பாரிஸில் கைவிடப்பட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தால் விடுதி நடத்திப் பிழைத்து, முதுமையில் ஊர் திரும்பிய பின், அந்தக் கணவனுடைய சடலத்தின் முன் போய் நிற்கிறாள். கோபமில்லை, காதலுமில்லை, அவனும் ஒரு நாள் வாலிபனாக இருந்தான், கிழவனாகிவிட்டான், செத்துப்போனான் என்ற ஒன்றுதான் அவளை உலுக்குகிறது. ஆங்கில நாவலில் இதற்கு ஈடான கட்டங்கள் அதிகமில்லை. வுல்ஃப் ரயிலில் கண்ட மூதாட்டியைப் பென்னட் இருபது வருஷங்களுக்கு முன்பே சிற்றுண்டிச்சாலையில் கண்டு, அவள் முகத்தையும் நன்றாகவே பார்த்திருந்தார். அதைக் காணும் நிலையில் வுல்ஃப் இல்லை. 'மிஸஸ் டாலவே'யை அவர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பென்னட்டின் வழி சரியென்று அன்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது.

மூத்தவர்களிடம் இருந்த இந்தக் கண்டிப்பு, சமவயதினரிடம் வரும்போது கலக்கமாக மாறிவிடுகிறது. 1918 ஏப்ரலில் ஹாரியட் வீவர் என்னும் பத்திராசிரியை, ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஹோகார்த் வீட்டுக்குத் தேநீர் வேளையில் வந்தார். அவ்வளவு பெரிய நூல் அந்தச் சிறு யந்திரத்துக்குத் தாங்காது. வெளி அச்சகத்தாரோ வழக்குக்கு அஞ்சிக் கைவைக்க மறுத்தார்கள். பிரதி அலமாரி இழுப்பறைக்குள் போயிற்று. பிறகொரு நாள் காதரின் மான்ஸ்ஃபீல்ட் வந்தபோது வுல்ஃப் அதை எடுத்துக் கொடுத்தார். பரிகாசமாகப் படிக்கத் தொடங்கிய மான்ஸ்ஃபீல்ட் சட்டென்று நிறுத்தி, இதில் என்னவோ இருக்கிறது என்றாராம். அந்தக் காட்சியை இருபது வருஷங்களுக்கு மேல் வுல்ஃப் மறக்கவில்லை; 1941 ஜனவரியில் ஜாய்ஸ் இறந்த செய்தி வந்ததும் டயரியில் அதைத்தான் எழுதினார். பொதுவில், 1919 கட்டுரையில், 'யுலிஸிஸி'ன் மயானக் காட்சியை மனமாரப் புகழ்ந்தவர், 1922-இல் நூல் முழுவதையும் படித்தபோது, டயரியில் அதை நாகரிகமற்ற, பக்குவப்படாத எழுத்து என்று வைதிருக்கிறார். டி. எஸ். எலியட் அதை வானளாவப் புகழ்ந்தது அவருடைய மனத்தை அரித்தது. தாம் செய்ய முயல்வதையே இன்னொருவர் மேலாகச் செய்துவிடுகிறாரோ என்ற அச்சத்தை அவர் தம் டயரியிலே மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவருடைய தவறான தீர்ப்புகளும் எனக்கு மதிப்புடையவையாகின்றன.

மான்ஸ்ஃபீல்டின் 'பிரெலூட்' கதையை அச்சுக் கோத்து 1918-இல் வெளியிட்டது அந்தச் சாப்பாட்டு அறை யந்திரந்தான். மறு வருஷம் மான்ஸ்ஃபீல்ட், வுல்ஃபின் 'நைட் அண்ட் டே' நாவலுக்கு மதிப்புரை எழுதினார். உலகப் போர் என்று ஒன்று நடந்த சுவடே அந்த நாவலில் இல்லை என்பது, தம்பியைப் போரில் பறிகொடுத்திருந்த அவருக்குப் பொறுக்கவில்லை. வுல்ஃப் புண்பட்டார். ஆனாலும் இருவரும் சந்தித்தால், எழுத்தைப் பற்றி அப்படிப் பேசுவதற்கு வேறு துணை இருவருக்கும் இல்லை. 1923 ஜனவரியில் முப்பத்து நாலு வயதில் மான்ஸ்ஃபீல்ட் க்ஷயரோகத்தால் இறந்தார். இனி எழுதி என்ன பயன், காதரின் படிக்கப்போவதில்லையே என்று வுல்ஃப் அப்போது டயரியில் குறித்தார். தாம் பொறாமைப்பட்ட எழுத்து அவருடையது ஒன்றுதான் என்றும் எழுதினார்.

1926 ஜூலையில் எண்பத்தாறு வயது தாமஸ் ஹார்டியைப் பார்க்க அவர் டார்செஸ்டருக்குப் போனார். அரை நூற்றாண்டுக்கு முன் ஹார்டியின் நாவலைத் தம் பத்திரிகையில் தொடர்கதையாக வெளியிட்ட லெஸ்லி ஸ்டீபனின் மகள் அவர். ஹார்டி தம் நாவல்களைப் பற்றிப் பேசுவதில் சிரத்தை காட்டவில்லை; புத்தகமொன்றில் கையொப்பமிட்டு, வுல்ஃபின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிக் கொடுத்தார். வுல்ஃப் அங்கிருந்து நிறைந்த மனத்தோடு திரும்பினார். ஹார்டியுடன் அவருக்கு எந்த வழக்கும் இல்லை.

பென்னட் 1931 மார்ச் 27-ஆம் தேதி விஷஜுரத்தால் காலமானார். மறுநாள் வுல்ஃப் டயரியை எடுத்தார். தாம் எதிர்பார்த்ததைவிட இந்த மரணம் தம்மை அதிகம் வருத்துகிறது என்றும், அன்புக்குரிய உண்மையான மனிதர் என்றும் எழுதினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 'அலைகள்' நாவலின் இரண்டாம் பிரதியை அவர் எழுதி முடித்திருந்தார். அது அக்டோபரில் வெளிவந்தது. பாத்திரங்கள் நிலைத்து வாழ்கின்றனவா என்று சொல்லப் பென்னட் அப்போது இல்லை.